முண்டா மக்களின் நிலமும் தயாமணி பார்லாவும்

ராஞ்சி, ஜாம்ஷெட்பூர், பொகாரோ, ரூர்கேலா ஆகிய நகரங்களில் மூன்று தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. பாட்டனார் உருக்காலை வேலைக்கென்று ரயிலேறி வந்தவர். தந்தையார் அதே ஆலையில் ஓய்வு பெற்றவர். மகன் வேறு உத்தியோகத்திற்குப் போய்விட்ட போதிலும் வீட்டை விட்டுப் போக மனமில்லாதவன். சில ஆண்டுகளுக்கு முன் அலுவல் காரணமாக அந்தப் பக்கம் சென்றிருந்தபோது, அத்தகைய குடும்பம் ஒன்றில் இரண்டு நாள் தங்கினேன். காலையில் பாத்திரம் துலக்க வந்த மூதாட்டி ஒருவர் வாசற்படியில் அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். “எந்த ஊர், அம்மா?” என்று இந்தியில் கேட்டேன். அவர் கையை நீட்டித் தெருக்கோடியில் தெரிந்த குடியிருப்புக் கட்டடங்களைக் காட்டி, “அதுதான் எங்கள் ஊர்” என்றார். அவர் அங்கே குடியிருக்கிறார் என்றே முதலில் எண்ணிக்கொண்டேன். பிறகுதான் விளங்கிற்று: அந்தக் கட்டடங்கள் எழுமுன் அவ்விடத்தில் இருந்த ஊரை அவர் சொன்னார்.

நான் மத்திய அரசாங்கத்தில் மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவன். நிலம் எடுப்பது பற்றிய அறிக்கைகள் எத்தனையோ என் மேஜைக்கு வந்து போயிருக்கின்றன. ‘நஷ்டஈடு’ என்ற சொல்லை ஆயிரம் தடவையாவது எழுதியிருப்பேன். நஷ்டத்திற்கு ஈடு, அதாவது, போனதற்குச் சமமானது. அந்த மூதாட்டியைச் சந்தித்த பிறகு அந்தச் சொல்லை எழுதும்போதெல்லாம் என் பேனா சற்றுத் தயங்குகிறது. போனது இன்னதென்று தெரிந்தால்தானே அதற்கு ஈடு இன்னதென்று சொல்ல முடியும்? இந்தக் கேள்வியையே தம் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் தயாமணி பார்லா என்னும் முண்டாப் பெண்மணி. அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன், அவர் எந்த நிலத்திற்காகப் போராடினாரோ அந்த நிலத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

சோட்டா நாகபுரிப் பீடபூமி நமக்கு அறிமுகமானது நிலக்கரியாலும் இரும்புத் தாதுவாலும். அங்கே பல நூற்றாண்டுகளாக வாழ்பவர்களுக்கு அது சால மரக்காடு. காட்டின் நடுவே திருத்திய நெல்வயல். தென் கோயல், காரோ போன்ற ஆறுகள். முண்டா, உராவ், ஹோ, காரியா, சந்தால் எனப் பல குடியினர் அங்கு வாழ்கிறார்கள். இவர்களுள் உராவ் மக்கள் பேசும் குடுக் மொழி நம் தமிழோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை ராஞ்சித் தமிழர்களிலும் பலர் அறியார். நாம் ‘கண்’ என்பதை அவர்கள் ‘கன்’ என்பதுபோலத் தொண்டையிலிருந்து ஒலிக்கிறார்கள். ‘நான்’ என்பதற்கு ‘ஏன்’, ‘நீ’ என்பதற்கு ‘நீன்’. அடுத்த முறை சந்தையில் காய்கறி வாங்கும்போது செவிகொடுத்துக் கேட்டுப் பாருங்கள். முண்டா மொழி அவ்வாறன்று. அது மேகாலயத்துக் காசி மொழிக்கும், கடல் கடந்த கம்போடிய மொழிக்கும் உறவானது. மொழிகள் வெவ்வேறாயினும் நிலத்தைப் பற்றிய எண்ணம் இவ்விரு குடியினருக்கும் ஏறக்குறைய ஒன்றே.

முண்டாக்களின் நில உரிமைக்குக் ‘குண்ட்கட்டி’ என்று பெயர். முதன்முதல் காட்டை வெட்டித் திருத்தி ஊரமைத்த குலத்தாரின் வழிவந்தவர்கள் அனைவருக்கும் அந்நிலம் பொது. பழந்தமிழ்நாட்டுக் காணியாட்சியை இதனோடு ஒருவாறு ஒப்பிடலாம். ஆனால் நம் முன்னோர் காணியைக் கல்வெட்டிலும் ஓலையிலும் எழுதிவைத்தார்கள். முண்டாக்களுக்கு எழுத்து இல்லை. கல் மட்டும் இருந்தது. குலத்தில் ஒருவர் இறந்தால், அவருடைய எலும்புகளை ஊரின் மயானத்தில் வைத்து, அதன்மேல் பெரிய பலகைக் கல்லைச் சாய்க்கிறார்கள். ‘சசன்’ என்பது மயானம். ‘திரி’ என்பது கல். ஆகவே அக்கல்லுக்குச் ‘சசந்திரி’ என்று பெயர். ஊரைத் தோற்றுவித்த குலத்திற்கே அங்கு இடம் உண்டு. அக்குலத்தார் ஒருவர் வெளியூரில் மாண்டாலும் எலும்புகளைச் சொந்த ஊருக்கே கொண்டுவர வேண்டும் என்பது மரபு. ஆகவே, ஒருவன் இன்ன ஊர்க்காரன் என்பதற்கு அவன் பாட்டன் கிடக்கும் கல்லே சாட்சி. சசந்திரியே எங்கள் பட்டா என்று முண்டாக்கள் சொல்வது உவமையன்று. அவர்கள் சட்டம் அது.

தமிழ்நாட்டில் கற்பதுக்கைகளையும் முதுமக்கள் தாழிகளையும் தொல்பொருள் துறையார் வேலியிட்டுக் காக்கிறார்கள். நமக்கு அவை இரண்டாயிரம், மூவாயிரம் ஆண்டுப் பழமை. யாருடைய பாட்டன் அங்கே கிடக்கிறான் என்று ஒருவரும் அறியோம். அங்கேயோ அந்த வழக்கம் நின்றுபோகவில்லை.

கல்லோடு இன்னொன்றும் உண்டு. ஊரமைக்கக் காட்டை வெட்டியபோது, ஒரு பகுதியைத் தொடாமல் விட்டுவைத்தார்கள். பழைய சால மரங்கள் நிற்கும் அந்தத் தோப்பிற்குச் சர்னா என்று பெயர். இளவேனிலில் சால மரம் பூக்கும்போது சர்ஹுல் திருவிழா அங்கே நடக்கிறது. பாஹன் எனப்படும் ஊர்ப்பூசாரி பூவைச் சாத்தி வழிபடுகிறார். கோயில் என்று கட்டடம் ஏதும் இல்லை. நில அளவையாளர் கண்ணுக்கு அது ‘மரங்கள் அடங்கிய புறம்போக்கு’ என்றுதான் படும்.

இத்தகைய நிலத்திற்குள் ஜமீன்தார்களும் லேவாதேவிக்காரர்களும் புகுந்தார்கள். ‘டிக்கு’ என்று முண்டாக்கள் அவர்களை அழைத்தார்கள். அயலான் என்று பொருள். கல்லைச் சாட்சி காட்டியவனிடம் நீதிமன்றம் காகிதம் கேட்டது. காகிதம் டிக்குவிடம் இருந்தது. இதன் விளைவே 1899, 1900-ஆம் ஆண்டுகளில் பிர்சா முண்டா தலைமையில் எழுந்த உல்குலான் என்னும் பெருங்கிளர்ச்சி. பிர்சா 1900 ஜூன் மாதத்தில் ராஞ்சிச் சிறையில் மாண்டார். அப்போது அவருக்கு வயது இருபத்துநான்குதான். எட்டு ஆண்டுகள் கழித்து, 1908-இல், ஆங்கில அரசாங்கம் சோட்டா நாகபுரிக் குத்தகைச் சட்டத்தை இயற்றியது. ஆதிவாசியின் நிலத்தை ஆதிவாசியல்லாதார்க்கு விற்க முடியாது என்பது அதன் சாரம். ஆதிவாசிக்கு விற்பதென்றாலும் அதே காவல்நிலைய எல்லைக்குள் வாழ்பவருக்கு, மாவட்ட அதிகாரியின் அனுமதியோடுதான் விற்கலாம். இன்றைக்கும் நடைமுறையில் உள்ள சட்டம் அது. ஆனால் அதே சட்டத்தில், தொழிற்சாலைக்கும் சுரங்கத்திற்கும் அனுமதி பெற்று நிலம் மாற்றலாம் என்று ஒரு வாசலும் திறந்துவைக்கப்பட்டது. பின்னாளில் நடந்த சண்டைகளில் பாதி அந்த வாசலைப் பற்றியதுதான்.

தயாமணி பார்லா அக்காலத்துப் பீகாரின் கும்லா மாவட்டத்தில், ஒரு முண்டாக் குடும்பத்தில் பிறந்தார். தந்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நிலம் தம்முடையது என்று காட்டக் கையில் காகிதமும் இல்லை. நிலம் பறிபோயிற்று. தந்தை நகரத்தில் ஒருவரிடம் வேலையாளாகச் சேர்ந்தார். தாய் வேறொரு நகரில் வீட்டு வேலைக்குப் போனார். சிறுமி தயாமணி ஊரிலேயே தங்கி, பிறர் வயலில் கூலி வேலை செய்துகொண்டே பள்ளிக்கூடம் போனார். உயர்நிலைப் படிப்புக்கு ராஞ்சிக்கு வந்தபோது அவரும் வீட்டு வேலைக்காரியானார். அந்தச் சம்பளத்தில் பல்கலைக் கழகம் வரை படித்தார். இதனை அவர் பெருமையாகவோ பரிதாபமாகவோ சொல்லிக்கொண்டு திரிந்தவரல்லர். தம் குடும்பம் எந்த இடத்தில் தோற்றது என்பதை மட்டும் மறக்கவில்லை. காகிதத்தில் தோற்றது, ஆகவே காகிதத்தைக் கற்றுக்கொண்டார்.

கற்றவர் பத்திரிகையாளரானார். ராஞ்சியிலிருந்து வெளிவரும் ‘பிரபாத் கபர்’ என்னும் இந்தி நாளிதழில் ஆதிவாசி ஊர்களின் செய்திகளை எழுதினார். வயலும் காடும் ஆறும் உள்ள ஊர்களிலிருந்து, அவ்வூர்க்காரியே எழுதிய செய்திகள் அவை. கிராமியப் பத்திரிகைத் தொழிலுக்கென 2000-இல் அவருக்கு ஒரு விருதும் கிடைத்தது. எனினும் எழுத்து சோறு போடவில்லை. ராஞ்சியில் ஒரு தேநீர்க் கடை வைத்து நடத்தினார். வேறு கடை வைத்திருக்கலாமே என்று கேட்டால் அதற்கும் அவரிடம் காரணம் இருந்தது: நாலு பேர் உட்கார்ந்து ஊர்க்கதை பேசும் இடம் தேநீர்க் கடைதான், செய்தி அங்கேதான் முதலில் வரும். வெளிநாட்டில் விருது வாங்கிய பின்னும் கடைக்காரி என்றே அவரைப் பலர் அறிந்திருந்தனர்.

போராட்டத்தில் அவர் முதற்பாடம் கற்ற இடம் கோயல்–காரோ. அவ்விரு ஆறுகளிலும் அணை கட்டி 710 மெகாவாட் மின்சாரம் எடுப்பது அரசாங்கத்தின் திட்டம். எழுபதுகளிலிருந்தே மக்கள் அதனை எதிர்த்து வந்தார்கள். நிலத்திற்கு நிலம் தருகிறோம், வீட்டிற்கு வீடு தருகிறோம் என்று அதிகாரிகள் சொன்னபோது, ஊரார் ஒரு கேள்வி கேட்டார்கள்: “எங்கள் சசந்திரிகளையும் சர்னாக்களையும் எங்கே குடியேற்றுவீர்கள்?” அதிகாரிகள் அதற்கு விடை தேடிய கோப்புகள் எங்கேனும் இருக்கக்கூடும், மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் அவற்றைப் படிக்க எனக்கு ஆசை. அந்த நிபந்தனையை நிறைவேற்ற வழி காணப்படவேயில்லை. 1995-இல் அத்திட்டத்திற்கு அடிக்கல் நாட்டப் பிரதமர் வருவதாக இருந்து, மக்கள் பெருந்திரளாகக் கூடி எதிர்த்தமையால் அந்நிகழ்ச்சி நடைபெறவில்லை. தொண்ணூறுகளில் இந்த இயக்கத்தில் சேர்ந்து தயாமணி அதற்காக எழுதினார், ஊர்க்கூட்டங்களில் பேசினார்.

2000 நவம்பர் 15, பிர்சா முண்டாவின் பிறந்த நாள். அன்றுதான் ஜார்க்கண்ட் தனி மாநிலம் ஆயிற்று. நம் மாநிலம், நம் அரசாங்கம் என்று ஆதிவாசிகள் மகிழ்ந்தார்கள். மூன்று மாதம் நிறையவில்லை. 2001 பிப்ரவரி 2 அன்று தப்காராவில் போலீஸ் புறக்காவல் நிலையத்தின் முன் திரண்ட கூட்டத்தின்மேல் துப்பாக்கி சுட்டது. ஊரார் போட்டிருந்த சாலைத் தடுப்பை முந்திய நாள் போலீசார் அகற்றினர். அதைத் தட்டிக்கேட்ட முன்னாள் ராணுவ வீரர் ஒருவரை அடித்தனர். அதற்கு நியாயம் கேட்கத்தான் மக்கள் வந்திருந்தார்கள். எட்டுப் பேர் மாண்டனர். 2003-இல் திட்டம் கைவிடப்பட்டது. மாண்டவர்களை ஆண்டுதோறும் அந்நாளில் அங்கே நினைவுகூர்கிறார்கள்.

இரண்டு ஆண்டுகள் அமைதி. பிறகு அதே பக்கத்தில் மறுபடியும் புயல் எழுந்தது. புதிய மாநிலம் முதலீட்டை நாடியது. பல நிறுவனங்களோடு புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. அவற்றுள் பெரியது 2005 அக்டோபரில் மித்தல் ஸ்டீல் நிறுவனத்தோடு செய்துகொண்டது. அப்போது உலகத்திலேயே மிகப் பெரிய எஃகு நிறுவனமாக இருந்தது அது. அடுத்த ஆண்டு ஐரோப்பாவின் ஆர்செலார் நிறுவனத்தோடு இணைந்து ஆர்செலார் மித்தல் ஆயிற்று. ஆண்டுக்கு 1 கோடியே 20 லட்சம் டன் எஃகு செய்யும் ஆலை. 800 கோடி டாலருக்கு மேற்பட்ட முதலீடு. கூடவே ஒரு மின்சார நிலையம். இவற்றுக்கு வேண்டிய நிலம் ஏறத்தாழ 12,000 ஏக்கர். கும்லா மாவட்டத்துக் காம்டாராவும், இன்று குண்ட்டி மாவட்டத்தில் உள்ள தோர்பாவும் சேர்ந்த பகுதியை அதற்கெனக் குறித்தார்கள். ஏறக்குறைய நாற்பது கிராமங்கள் பெயர வேண்டியிருக்கும் என்று தயாமணி கணக்கிட்டார். கோயல்–காரோவில் தண்ணீரிலிருந்து தப்பிய ஊர்களின் அண்டை அயலில் இப்போது நெருப்பு வந்தது என்று சொல்லலாம்.

ஆதிவாசி மூலவாசி அஸ்தித்வ ரக்ஷா மஞ்ச் என்ற அமைப்பு தோன்றிற்று. பூர்வ குடிகளும் மண்ணின் மைந்தரும் தம் இருப்பைக் காத்துக்கொள்ளும் மன்றம் என்பது அதன் பொருள். அதன் முன்னணியில் தயாமணி நின்றார். ஊர் ஊராகச் சென்று பேசினார். அவர் பேச்சில் வீராவேசம் குறைவு, விவரம் அதிகம் என்று கேட்டவர்கள் சொல்வார்கள். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது, உங்கள் கதியானில் என்ன எழுதியிருக்கிறது, அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணை என்ன சொல்கிறது, கிராம சபைக்கு 1996-ஆம் ஆண்டுச் சட்டம் என்ன அதிகாரம் கொடுத்திருக்கிறது என்று எடுத்துச் சொன்னார். கதியான் என்பது அங்குள்ள நில உரிமைப் பதிவேடு. நம் ஊரில் பட்டா, சிட்டா, அடங்கல் என்பவற்றை ஒன்றாகச் சேர்த்தாற்போன்றது. கைநாட்டு வைப்பதற்கு முன் படித்துக் காட்டச் சொல்லுங்கள் என்பது, தந்தையின் நிலத்தைக் கைவிட்டுப்போகக் கண்ட மகள் சொல்லும் புத்திமதி. உயிர் கொடுப்போம், நிலம் கொடோம் என்னும் முழக்கம் கூட்டங்களில் எழுந்தது. தொலைபேசியில் அவருக்குக் கொலை மிரட்டல்களும் வந்தன.

எதிர்த்தரப்பாரையும் இங்கே கேட்க வேண்டும். எஃகு வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்? நாம் ஏறிச் செல்லும் ரயிலும், நாம் குடியிருக்கும் வீட்டுக் கம்பியும் எஃகு. இரும்புத் தாது ஜார்க்கண்டில் இருக்கும்போது ஆலையை வேறெங்கே வைப்பது? பேச்சு வார்த்தைக்கு நாங்கள் தயார் என்று நிறுவனத்தாரும் சொன்னார்கள். வேலை, வீடு, பள்ளிக்கூடம், மருத்துவமனை என்று வாக்களித்தார்கள். இந்த வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. உருக்காலைச் சம்பளத்தில் வளர்ந்த பிள்ளைகள் இதைப் படிப்பவர்களிலேயே பலர் இருப்பார்கள்.

தயாமணியின் மறுமொழி இரண்டு படியாக அமைந்தது. முதலாவது, பழைய கணக்கு. ஹட்டியாவில் 1958-இல் கனரகப் பொறியியல் கழகம் வந்தபோதும், பின்பு பொகாரோவில் உருக்காலை வந்தபோதும், இதே வாக்குறுதிகள் தரப்பட்டன. நிலம் தந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று என்ன ஆனார்கள் என்று போய்ப் பாருங்கள் என்றார். ஆலைக்குள் பொறியியலாளராகவும் எழுத்தராகவும் வந்தவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள். நிலத்துக்குரியவர்களில் எத்தனையோ பேர் ரிக்‌ஷா இழுப்பவராகவும் வீட்டு வேலை செய்பவராகவும் ஆனார்கள். வெளியிலிருந்து வந்தவர்களில் நாமும் சேர்த்தி என்பதை மனத்தில் கொண்டால், இது நம் செவிக்குக் கசக்கத்தான் செய்யும். ஆனாலும் அவர் சொன்னது வேலைக்கு வந்தவர்களைப் பழிப்பதற்காக அன்று. ஈடு கொடுத்ததாகச் சொல்லப்பட்ட இடங்களில் ஈடு போய்ச் சேரவில்லை என்பதைக் காட்டத்தான்.

இரண்டாவது மறுமொழி ஆழமானது. பழைய வாக்குறுதிகள் அத்தனையும் ஒழுங்காக நிறைவேறியிருந்தாலுங்கூட, ஈடு என்பது முடியாத காரியம் என்று அவர் வாதித்தார். ஆதிவாசிக்கு நிலமும் காடும் ஆறும் பிழைப்புக்கான கருவி மட்டுமல்ல. அவனுடைய மொழி, வழிபாடு, தன்மதிப்பு, ஊராட்சி எல்லாம் அவற்றின்மேல் தலைமுறை தலைமுறையாக எழுந்தவை. ஒரு ஏக்கருக்கு இவ்வளவு என்று விலை சொல்லலாம். குலத்தின் கல்லுக்கு என்ன விலை? நாற்பது ஊர்களை நாற்பது இடங்களில் பிரித்து வைத்தால் சர்ஹுல் எந்தத் தோப்பில் நடக்கும்? தொழிலே வேண்டாம் என்பதும் அவர் கட்சியன்று. விளைநிலத்தையும் காட்டையும் அழிக்காத வளர்ச்சி வேண்டும், வயலுக்கு நீர் வேண்டும், பயிரையும் காட்டுப் பொருளையும் அடிப்படையாகக் கொண்ட தொழில் வேண்டும் என்றே கேட்டார். இவ்வளவு கொண்டு ஒரு நாட்டுக்கு வேண்டிய எஃகு கிடைத்துவிடுமா என்பது நியாயமான கேள்விதான். அதற்கு அவரிடம் முழு விடை இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால், தேசம் முழுவதற்கும் வேண்டிய பொருளுக்கு விலையை ஏன் நாற்பது ஊர்கள் மட்டும் கொடுக்க வேண்டும் என்னும் அவருடைய கேள்விக்கு எதிர்த்தரப்பிலும் விடை இல்லை.

ஐந்தாண்டு கழிந்தும் நிறுவனம் அங்கே நிலம் பெற முடியவில்லை. 2010-இல் மாநிலத்தின் வேறு பகுதியில் இடம் பார்க்க முற்பட்டது. தோர்பா–காம்டாராப் பகுதியில் அந்த ஆலை எழவேயில்லை.

வெற்றிக் கதை மட்டும் சொல்லி நிறுத்துவது சரியாகாது. 2012-இல் ராஞ்சிக்கு அருகே காங்கேயைச் சார்ந்த நக்டி என்னும் ஊரில் 227 ஏக்கர் நிலத்தைச் சுற்றி மதில் எழுப்ப அரசாங்கம் முனைந்தது. சட்டப் பல்கலைக் கழகம், மேலாண்மைக் கழகம் ஆகியவற்றுக்கென்று இடம். இந்நிலம் 1957, 1958-ஆம் ஆண்டுகளிலேயே ஒரு வேளாண்மைக் கல்லூரிக்காக எடுக்கப்பட்டுவிட்டது என்றது அரசாங்கம். ஊரார் அன்று பணத்தை வாங்க மறுத்து, அன்று முதல் நெல் விதைத்து அறுத்துத் தீர்வையும் கட்டிவந்தவர்கள். தயாமணி இப்போது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கையில் எடுத்தார். எத்தனை பேர் பணம் வாங்கினார்கள் என்று எழுத்து மூலம் கேட்டார். பெரும்பாலோர் வாங்கவில்லை என்று அரசாங்க ஏடுகளே சொல்லின. கோடை வெயிலில் பெண்கள் மாதக்கணக்காக வயலில் உட்கார்ந்து சத்தியாக்கிரகம் செய்தார்கள். முடிவு? மேலாண்மைக் கழகம் வேறு இடத்திற்குப் போயிற்று. சட்டப் பல்கலைக் கழகம் நக்டியிலேயே எழுந்து நிற்கிறது. சட்டம் கற்பிக்கும் கட்டடத்திற்காக அந்நிலம் போயிற்றே என்று வருந்துவதா, பாதியாவது தடுக்கப்பட்டதே என்று ஆறுதல் கொள்வதா, எனக்குத் தெரியவில்லை.

அந்த ஆண்டு அக்டோபரில் தயாமணி சிறை புகுந்தார். காரணமாகக் காட்டப்பட்டது நக்டி அன்று. ஊரக வேலைத் திட்டத்தின் வேலை அட்டை வேண்டி 2006-இல் நடந்த ஓர் ஆர்ப்பாட்டத்தின் பழைய வழக்கு. இரண்டு மாதத்திற்கு மேல் ராஞ்சிச் சிறையில் இருந்தார். அச்சிறைக்குப் பெயர் பிர்சா முண்டா மத்தியச் சிறை. டிசம்பரில் வெளிவந்தார். ஐந்து மாதம் கழித்து, 2013 மே மாதத்தில், நியூயார்க்கில் எல்லன் லட்ஸ் பூர்வகுடி உரிமை விருது அவருக்கு வழங்கப்பட்டது. 2014-இல் குண்ட்டித் தொகுதியில் மக்களவைத் தேர்தலுக்கு நின்று தோற்றார். அவர் பேச்சைக் கேட்கத் திரண்டவர்களெல்லாம் வாக்களித்துவிடவில்லை. போராட்டத்திற்கு ஒரு கணக்கு, தேர்தலுக்கு வேறு கணக்கு.

2013-ஆம் ஆண்டு நாட்டின் நிலச் சட்டத்திற்கும் முக்கியமானது. 1894-ஆம் ஆண்டின் பழைய நில எடுப்புச் சட்டம் நீக்கப்பட்டு, தனியார் திட்டங்களுக்கு நிலம் எடுக்க வேண்டுமானால் பாதிக்கப்படும் குடும்பங்களில் நூற்றுக்கு எண்பது சம்மதிக்க வேண்டும் என்னும் புதிய சட்டம் நிறைவேறிற்று. ஒடிசாவில் நியாம்கிரி மலையைச் சார்ந்த பன்னிரண்டு கிராம சபைகள் அவ்வாண்டில்தான் பாக்சைட் சுரங்கத்தை ஒருமனதாக மறுத்தன. அங்கும் மலையே தெய்வம். அங்கும் ஈடு என்ற சொல் பொருளற்றுப் போயிற்று.

மூன்று ஆண்டு கழித்து, 2016-இல், ஜார்க்கண்ட் அரசாங்கம் 1908-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த முனைந்தது. விளைநிலத்தை வேறு உபயோகத்திற்கு மாற்றவும், மேலே நான் குறிப்பிட்ட வாசலை இன்னும் அகலமாகத் திறக்கவும் அத்திருத்தம் வகை செய்தது. பிர்சாவின் இரத்தத்தில் எழுதிய சட்டம் என்று ஆதிவாசிகள் அதைக் கருதுகிறார்கள். மாநிலம் முழுவதும் கிளர்ச்சி மூண்டது. தயாமணி மறுபடியும் ஊர் ஊராகப் புறப்பட்டார். சட்டசபையில் நிறைவேறிய மசோதா 2017-இல் ஆளுநரிடமிருந்து ஒப்புதலின்றித் திரும்பி வந்தது; அரசாங்கம் அதை விலக்கிக்கொண்டது. அப்போதைய ஆளுநர் சந்தால் குலத்தில் பிறந்த திரௌபதி முர்மு. 2022-இல் குடியரசுத் தலைவர் ஆனவர் அவரே.

ராஞ்சிப் பக்கம் வசிக்கும் அன்பர்கள் ஒரு விடுமுறை நாளில் சோனாஹாத்து வழியாகச் சொக்காஹாத்து என்னும் ஊருக்குப் போய்வரலாம். துக்கத்தின் இடம் என்று அப்பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் சசந்திரிகள்; ஏழாயிரத்திற்கும் மேல் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஓர் ஆங்கில அதிகாரி கணக்கெழுதி வைத்தார். பாசி படிந்து பாதி மண்ணுள் புதைந்த கற்களும், அண்மையில் வைத்த கற்களும் அங்கே ஒன்றையடுத்து ஒன்று கிடக்கின்றன. செருப்பை வெளியே விட்டுச் செல்லுங்கள். அவ்வூரார் பாட்டன் பூட்டன் அங்கே கிடக்கிறார்கள்.